மூத்தவள்

கருங்கல் சமூகக்கூடத்தில் காப்பீட்டு முகாம்.
எனக்கு டோக்கன் நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு சொர்ணபாய் அக்காவுக்கு.

கண்ணாடியில் பெருவிரலை வைத்தேன்.
சேலையில் துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன்.
பத்து விரலுக்கும் பொருந்தவில்லை என்றது பெட்டி.
முப்பத்தாறு வருஷம் அண்டியாபீசில் தோடு உடைத்த கை.
எண்ணெய் தின்றது போக
மிச்சம் இருப்பது வழவழப்பு.
"கண்ணைக் காட்டுங்கம்மா" என்றான் பையன்.
கண் என்னை ஒத்துக்கொண்டது.

"நேசபாய். எழுபது நிறைஞ்சாச்சு.
வருமானச் சான்று வேண்டாம்."

எனக்கு அறுபத்தேழு.
பதினோரு வயசில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று
மூன்றைக் கூட்டிச் சொன்னாள் அம்மை.
அக்காவுக்கு எழுபத்தொன்று.
ஐம்பத்தெட்டானால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று
ஆதார் எழுத வந்தபோது
அவளே மூன்றைக் குறைத்தாள்.

"உங்களுக்கு அறுபத்தெட்டுதாம்மா.
ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

நெஞ்சில் அடைப்பு அவளுக்கு.
நெய்யூரில் எடுத்த படம்
மஞ்சப்பையில் சுருண்டு கிடக்கிறது.
மற்ற திட்டத்தில் சேர்க்கலாமா என்றேன்.
ரேஷன் கார்டு சவுதியில் இருக்கும் மகன் பேரில்;
வருமானம் கூடுதலாம்.
மாசம் அவன் அனுப்புவதை
அந்தப் பெட்டிக்கு யார் சொல்ல?

வயசைத் திருத்தலாமா என்றேன்.
பிறப்புச் சான்று கேட்டான்.
"ஞானஸ்நானப் புத்தகம் கோயில்ல உண்டு சாரே,
கரையான் தின்னது போக."
அவன் சிரிக்கவில்லை.
நாற்பத்து மூன்றைக் கூப்பிட்டான்.

எழும்பும்போது
மேசையைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.
இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை.
என் அட்டையோடு அவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் என்ன
என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.
முகத்தை ஏமாற்றிவிடலாம்.
கண் காட்டிக்கொடுக்கும்.

பஸ் ஸ்டாப் வரை அவள் ஒன்றும் பேசவில்லை.
டீக்கடைக் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் நின்றாள்.

"அப்போ நீதானாக்கும் இனி எனக்கு அக்கா?"

"சும்மா இரு."

"அக்கான்னா வாங்கித் தரணும் கேட்டியா.
எனக்கு ஒரு பழம்பொரி."

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.
எண்ணெய் ஆகாது உனக்கு என்று
சொல்ல வேண்டியவள் மூத்தவள்.
சொல்லவில்லை.
ஒன்று வாங்கினேன்.
பெரிய பாதியை அவளே பிய்த்துக்கொண்டாள்,
இளையவள் போல.