மூன்று கிராம் அறுநூறு மில்லி

குடியாத்தம் கூட்டுறவு வங்கியில்
வெள்ளிக்குக் கடன் கிடையாது.
அதைச் சொல்வதற்குள்
மேசையில் வைத்துவிட்டாள் ஷம்ஷாத்,
புகையிலைத் தூள் வாசம் போகாத கைக்குட்டையில் முடிந்து.

சுவர் பூச மணல் சலித்தாளாம்.
பாலாற்று மணல், அதுவும் கடனுக்கு.
கூழாங்கல்லோடு சல்லடையில் நின்றதாம்
கறுத்துப்போய்.
மகன் பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறான்.
பாதிக்குமேல் தேய்க்க இவள் விடவில்லை.

லென்ஸை வைத்தேன்.
வலப்பக்கம் பார்க்கும் முகம்.
தலையில் இலைமாலை, பிடரியில் நாடா முடிச்சு.
எடுப்பான மூக்கு. உதடு மட்டும்
காசை எண்ணி வைக்க மனசில்லாததுபோல.
"யாரு சார் இது?"
கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ராஜா.
"எங்க மேஸ்திரி மாதிரியே கீறான்.
கட்டுக் கட்டா கழிச்சிப் போடற மூஞ்சி."

காதுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு வெட்டு.
உளி. ஒரே அடி.
உள்ளே செம்பா என்று பார்க்க
நம் பக்கத்தில் எவனோ போட்டது.
ராஜாவின் முகமாயிற்றே என்று கை தயங்கவில்லை.
அடித்து, குனிந்து,
வெட்டின் ஆழத்திலும் வெண்மை கண்டு
"சரி" என்றிருப்பான்,
அநேகமாக என் மொழியில்.
பிறகு மிளகோ மணியோ அளந்து போட்டிருப்பான்.

முப்பது வருஷமாக
நானும் அதைத்தான் செய்கிறேன்.
என்ன, என் சந்தேகத்தைக் கல்லில் தேய்க்கிறேன்.

திருப்பினேன்.
நாற்காலியில் ஒரு பெண், பக்கவாட்டில்.
ஒரு கையில் நட்டுவைத்த கோல்
மறுகையில் ஒரு கிளை.
சமாதான தேவதை என்று எங்கோ படித்த ஞாபகம்.
சொல்ல வாயெடுத்தேன்.
ஷம்ஷாத் லென்ஸை வாங்கிக்கொண்டாள்.

"இலை வெட்ட உக்காந்துனு கீறா சார்.
மடியில மொறம் இல்ல, அதான் உங்களுக்குத் தெரில.
முதுக எப்டி நிமித்தி வச்சிகிறா பாருங்க,
காத்தால வரைஞ்சிருப்பாங்க.
சாயங்காலம் வரைஞ்சிருந்தா
இப்டி இருக்க மாட்டா."

அந்த ஊரில் ஒரு நாள் கூலி
இந்தக் காசு ஒன்று என்பார்கள்.
ஆயிரம் பீடிக்கு என்ன தருகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், கழிவு போக, என்று ஆரம்பித்திருப்பாள்.

தராசில் மூன்று கிராம் அறுநூறு மில்லி.
எந்தப் பதிவேட்டிலும் ஏறாத எடை.
புதையல் என்றால் கலெக்டருக்கு எழுதவேண்டும்.
சல்லடையில் நின்றதைப் புதையல் என்பதா?
பேனா மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.

கடைசியில் காதில் இருந்ததைக் கழற்றினாள்.
திருகு வர மறுத்தது, எச்சில் தொட்டுத் திருகினாள்.
கம்மல் ஒரு ஜோடி, கல் நீக்கி
இரண்டு கிராம் நூறு.
அதற்கு ரசீது கொடுத்தேன்.

கைக்குட்டையை முடியும்போது
ராஜாவைக் குப்புறப் போட்டு முடிந்தாள்.
படி இறங்கியவள் திரும்பி வந்தாள்.
"அந்த வெட்டு
இவ பக்கம் வந்துச்சா சார்?"

இல்லை என்றேன்.

வந்திருந்தது.
முழங்காலுக்குச் சற்று மேலே
மயிரிழை அளவு ஒரு புடைப்பு.