மூன்றாம் சரணம்

பாலையூற்றுச் சபையில்
ஞாயிறு ஒன்பதரைக்கு
பெஞ்சமின் ராகல் கிற்றாரோடு
கௌபாய் மெட்டில் சாட்சி பாடுவார்:
குடித்தது,
அவளுடைய தையல் மெசினை விற்றது,
ரயில் தவறிச் சீனக்குடாவிலிருந்து
தண்டவாளம் வழியே நடந்தே வந்தது.

மூன்றாம் சரணத்தில் கதவு திறந்திருக்கும்;
விளக்கோடு ஒருத்தி நிற்பாள்.
அந்த இடத்தில்தான்
போதகரும் மூக்கைச் சிந்துவார்.

ஓலின்டா அழுவதில்லை.
அன்றிரவு தாழ்ப்பாள் போட்டவள் அவள்.
விடியும்வரை வெளியே இருமல் கேட்க
உள்ளே முழங்காலில் இருந்தவளும் அவள்தான்.
அதைப் பாட்டில் யாரும் கேட்டதில்லை.
என்றாலும் பல்லவிக்கு
அரைத்தாளம் பிந்தியாவது
அவள் குரல் வந்துவிடும்.

போன ஞாயிறு,
கதவுக்கு வருமுன்,
விரலை நிறுத்தி
இரண்டு தரம் இருமினார் ராகல்.

ஒரு பொடியன் தண்ணீருக்கு ஓடினான்.
ஓலின்டா நிமிர்ந்து பார்த்தாள்,
தாழ்ப்பாளில் கை வைத்தவள்போல.