இரைச்சலுக்கு ஒரு காது

முதல் படத்தில்
முட்டைக்கோஸின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
இரண்டாவதில் மூன்று.
மூன்றாவதில் முட்டைக்கோஸே இல்லை.

ம்பராராவில், மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டிய அறையில்
உள்ளங்கை அகலக் காந்தங்கள் இருநூற்றுச் சொச்சத்தை
வளையமாக அடுக்கியிருந்தாள் கெபிரூங்கி.
தலைநகரத்துக் கருவியின் வலுவில்
முப்பதில் ஒரு பங்கு.
ஹீலியம் வேண்டாம், தனிக் கட்டடம் வேண்டாம்.
ஒரு குழந்தையின் தலை நுழைந்தால் போதும்.

காந்தம் மெலிந்தால் மூளை கிசுகிசுக்கத்தான் செய்யும்.
அதைக் கேட்க ஊர் அடங்க வேண்டும்.
ஊரா அடங்கும்?
ஜெனரேட்டர். போடாபோடா வண்டிகளின் பிளக்.
சுவருக்கு அந்தப் பக்கம்
பாரிகியேயின் வெல்டிங் பட்டறை.

செம்பு வலையால் அறையைச் சுற்றினாள்.
கோடு இளைத்தது, சாகவில்லை.

பட்டறைக்கே போய்க் கேட்டாள்:
இருபது நிமிடம் நிறுத்த முடியுமா?
முகமூடியை நெற்றிக்கு ஏற்றி
"எத்தனை தடவை?" என்றான்.
ஒரு நாளைக்கு ஆறு.
அவன் சிரிக்கவில்லை; மனதுக்குள் கூட்டிப் பார்த்தான்.
இரண்டு மணி நேரம் என்றால்
ஒரு ஜன்னலின் கம்பிகள்.
நான்கு நாள் நிறுத்தினான்.
ஐந்தாம் நாள் வாடகை கேட்டு ஆள் வந்தது.

அன்று இரவு, மின்சாரம் போன அறையில்,
டார்ச் வெளிச்சத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது
தோன்றியது அவளுக்கு:
வாயை மூடச் சொல்வதற்குப் பதில்
அதற்கென்று ஒரு காது வைத்தால் என்ன?

ஐந்து சின்னச் சுருள்கள்.
கட்டிலுக்கு அடியில் இரண்டு, சுவரில் இரண்டு,
கதவு இடுக்கில் ஒன்று.
தலை பேசுவது இவற்றுக்குக் கேட்காது.
ஊர் பேசுவது மட்டும் கேட்கும்.
கேட்டதைக் கழித்துவிட்டால்
மிச்சம் தலை.
சொல்ல எளிது.
கழிக்கக் கற்றுக்கொடுக்கப் பதினோரு மாதம் ஆயிற்று;
மார்ச்சில் ஒரு தடவை
தலையையும் சேர்த்தே கழித்துவிட்டது.

காசெசேயிலிருந்து பீரா வந்தாள்,
மடியில் எட்டு மாதப் பாலுகு.
தலை மட்டும் வளர்ந்துகொண்டே போகும் பிள்ளை.
கண்மணிகள் கீழிமைக்குள் பாதி மறைந்திருந்தன.
"அழகான படம் எனக்கெதற்கு?" என்றார் அறுவை மருத்துவர்.
"தண்ணீர் எங்கே, எவ்வளவு. அதைச் சொல்."

பால் குடித்து உறங்கியவனை
வளையத்துக்குள் மெல்லத் தள்ளினார்கள்.
சுவருக்கு அப்பால் பொறி பறந்துகொண்டிருந்தது.
யாரும் போய் நிறுத்தச் சொல்லவில்லை.

திரையில்,
கேழ்வரகு மாவில் விரலால் கீறியது போல,
சாம்பல் நிறத்தில் திப்பிதிப்பியாக ஒரு மூளை.
நடுவில் கரை உடைந்து ஒன்றாகப் போகும்
இரண்டு வெளிச்ச ஏரிகள்.
மருத்துவர் திரையில் விரல் வைத்தார்.
"இங்கே."
பீரா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை
கரி படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
பாரிகியே வந்தான், பார்க்க.
பிள்ளையின் படத்தைக் காட்டாமல்
கழித்த குப்பையைத் திறந்து காட்டினாள்.
இது நீ.

நெடுநேரம் பார்த்தான்.
"இந்த நீளம், பள்ளிக்கூட கேட்.
இங்கே கம்பி தீர்ந்தது, மாற்றினேன்.
இது... கை நடுங்கியிருக்கிறது, சாப்பிடவில்லை அன்று."
பிறகு கேட்டான்:
"இதற்குள்ளா இருந்தான் அந்தப் பையன்?"
இதற்குப் பின்னால், என்றாள்.

அவன் போன கொஞ்ச நேரத்தில்
திரையில் ஒரு கோடு எழுந்து நின்றது.
சின்ன வேலை. கீல் ஏதோ வைக்கிறான் போல.