தொட்டி மூடி

சனிக்கிழமை காலை
ஏணியில் ஏறிப்போன மாநகராட்சிக்காரர்
மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டார்:
"மேடம், கொஞ்சம் மேல வர்றீங்களா?"
மாவுக்கையோடு போனேன்.
மனசு தரமணியில்,
நானூற்றுப் பதினேழின்
மெத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு
அந்த இடத்தில் ஃபுளோரினைப் பொருத்திக்கொண்டிருந்தது.

எதற்கும் நான் பெயர் வைத்ததில்லை.
எண்தான்.
பெயர் வைத்துவிட்டால் கீழே கொட்டக் கை வராது.

பன்னிரண்டு, கிண்ணத்திலேயே தோற்றது.
நூற்று நாற்பது கிருமியைக் கொன்றது,
கூடவே சுண்டெலியையும்.
இருநூற்று ஆறு அழகி,
ஊசி ஊசியாய் வெள்ளைப் படிகம்,
தண்ணீரில் மட்டும் கரையமாட்டேன் என்றாள்.
(பார், அவளுக்கு மட்டும் விகுதி மாறிவிட்டது.)
முந்நூற்று ஐம்பத்தெட்டு இதயத்துக்கு ஆகாதென்று
பெங்களூரிலிருந்து ஒரே வரியில் மின்னஞ்சல்.
நான்கு வருடத்துக்கு ஒரு வரி.
அன்று கேன்டீனில் எலுமிச்சைச்சாதம்.
சாப்பிட்டேன்.

ரோட்டவேப்பர் சுற்றச் சுற்ற
குடுவையின் உள்ளே படியும் மஞ்சள் படலத்தைப்
பார்த்துக்கொண்டே
முப்பதுகளைக் கழித்தவள் நான்.

தண்ணீர் இல்லாத அந்தக் கோடையில்
கண்டென்சரைக் குளிர்விக்கக்
காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் ஐஸ் கொண்டுவந்தோம்,
நானும் பெனசீரும்.
ஆய்வகம் முழுக்க வஞ்சிரம் மணந்தது.
மகசூல் முப்பத்தொரு சதவீதம்.
மறு வருடம் அவள் ஹைதராபாத்துக்கு,
ரத்தக்கொதிப்பு மாத்திரைக்குப் போய்விட்டாள்.
ரத்தக்கொதிப்பில் காசு உண்டு.
மலேரியா வருகிறவர்களிடம் இல்லை.

அவர் கரண்டியில் அள்ளிக் காட்டினார்.
சட்டைப்பை அட்டையில் ஏசுபாதம் என்றிருந்தது.
"இது டெங்கு இல்ல மேடம்.
டெங்குப் புழு தலைகீழாத் தொங்கும்.
இது பாருங்க, மட்டமாப் படுத்திருக்கு.
மலேரியாக் கொசு."

இருபத்து மூன்று வருடம்.
கிருமியைச் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் பார்த்திருக்கிறேன்,
மோதிரம் மாதிரி, ஊதாக் கல் வைத்து.
அது சாகும் வேகத்தை
வரைபடத்தில் சரியும் கோடாகப் பார்த்திருக்கிறேன்.
அது ஏறிவருகிற வண்டியை
இப்போதுதான் பார்க்கிறேன்,
கரண்டி நிழல் பட்டதும் விலுக்கென்று பின்வாங்குவதை,
என் வீட்டுத் தொட்டியில்.

மூடி எங்கே என்றார்.
அதே கோடையில்தான்,
லாரிக் குழாயை உள்ளே விடக் கழற்றியது.
இரண்டாக உடைந்தது.
அப்புறம் மழை வந்தது, தொட்டி நிரம்பியது,
மூடியை யார் நினைத்தார்கள்?

ஐந்நூறு ரூபாய் அபராதம்.
ரசீதில் டாக்டர் மங்களகௌரி என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.
"எந்த ஆஸ்பத்திரி?"
"ஆஸ்பத்திரி இல்லை. மலேரியாவுக்கு மருந்து தேடறேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
"கெடைச்சுதா?"
"இல்லை."

"பதினாலு நாள் மாத்திரை குடுக்கறோம் மேடம்.
நாலாம் நாள் ஜுரம் விட்டதும் நிறுத்திடறாங்க.
ராயபுரத்துல ஒரு பையன், மீன் லோடு அடிக்கிறவன்,
மூணாவது தடவையா வந்துருக்கு.
உள்ள ஈரல்ல தூங்கிட்டு இருக்குமாமே?
ஒரே வேளைல முடியற மாதிரி ஒண்ணு செய்யுங்க."

இதையேதான்
நாற்பது பக்க அறிக்கை ஒன்று
அடிக்குறிப்புகளோடு சொல்லியிருந்தது.
அதில் லோடு அடிக்கிற பையன் இல்லை.

தொட்டியில் ஏதோ ஊற்றிவிட்டு
சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு
அடுத்த வீட்டு ஏணிக்குப் போனார்.
மத்தியானம் ஏறிப் பார்த்தேன்.
ஒன்றும் நெளியவில்லை.
அவருடைய மருந்து வேலை செய்தது.

சாயங்காலம் வேளச்சேரியில் மூடி வாங்கினேன்,
கறுப்பு, பிளாஸ்டிக்.
அளவு கொஞ்சம் பெரிது.
ஆடாமல் இருக்க மேலே ஒரு செங்கல்.

திங்கட்கிழமை,
நானூற்றுப் பதினெட்டு.