பீப்பாயின் இரண்டு முகங்கள்

லெத்பிரிட்ஜில் காற்று வீசாத செவ்வாய்க்கிழமை
வருடத்துக்கு இரண்டோ மூன்றோ.
மற்றச் செவ்வாய்களில்
சமூகக் கூடத்தின் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும்.
விவாகரத்துக்குப் பிறகு
வெண்டலும் நானும் ஒரே கைப்பிடியில்
கை வைத்தது அப்படித்தான்.

பத்திரம் எல்லாவற்றையும் பிரித்திருந்தது.
வீடு எனக்கு, படகு அவனுக்கு,
நாய் வாரம் மாற்றி வாரம்.
டைக்கோ குழுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
நான் விலகுவேனென்று அவன் காத்திருந்தான்,
அவன் விலகுவானென்று நான்.
பிடிவாதத்தில் மட்டும் எங்களுக்குப் பத்துப் பொருத்தம்.

பதினொரு பேருக்கு நாலு மேளம்.
மிச்சப் பேருக்கு டயர்.
பழைய லாரி டயரின் வாயை
பார்சல் டேப்பால் இறுக்கி இறுக்கி மூடியது.
எல்லாம் வெண்டலின் கடைச் சரக்கு.
பதினெட்டு வருடம் துவைத்தும்
அவன் சட்டையை விட்டுப் போகாத ரப்பர் வாசனையை
வாரம் ஒருமுறை நின்று நிதானமாக அடித்தேன்.
உள்ளங்கையில் கொப்புளம்.
சுகமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

டார்லீன் நிஷிகாவா பகலில் பல் சுத்தம் செய்பவள்,
வாயைத் திற என்று சொல்லிப் பழகியவள்.
தாத்தாவிடம் கற்றாயா என்று புதிதாய் வந்தவன் கேட்டான்.
தாத்தா வாசித்தது அக்கார்டியன் என்றாள்,
நான் கால்கரிக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றேன்,
நாற்பது வயதில், முட்டிவலியோடு.

கோலைத் தொடுமுன் வாயால் சொல்ல வேண்டும்.
டோன், டோன், டொகொ டொகொ, கா.
தோலின் நடுவில் விழுந்தால் டோன்.
மர விளிம்பில் பட்டால் கா.
எங்கும் படாத அடிக்கும்
ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்:
ஸு.

சும்மா இருப்பதுதான் ஸு.
அதுதான் எனக்கு வராது.
சும்மா இருக்கிற இடத்திலெல்லாம்
என் வலது கை எதையாவது சொல்லிவிடும்.
முந்துகிறாய் கோரின், என்பாள் டார்லீன்.
மூன்று டயர் தள்ளி ஒருவன்
சிரிக்காமலிருக்கப் பாடுபடுவான்.
அவன் ஆள் வேறு.
பதில் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம்
ஸு.

ஆகஸ்டில் பெரிய மேளம் வந்தது.
விஸ்கிப் பீப்பாயைச் சீவி
இரண்டு பக்கமும் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டி
குறுக்குவாட்டில் நிறுத்தியது.
பக்கத்துக்கு ஒருவர்.
என் எதிர்ப்பக்கத்துக்கார கார்டன்
பனிச்சறுக்கு அரங்கில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ள,
வெண்டல், நீ போ, என்றாள் டார்லீன்.
முழு மணிக்கட்டோடு இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள்.
தெரிந்தேதான் செய்தாள்.

நடுவில் பீப்பாய். முகம் தெரியாது.
கீழே அவன் பாதங்கள் மட்டும்,
நான் வாங்கிய சாம்பல் காலுறை,
குதிகாலில் ஓட்டை.

அவன் அடித்தான்.
நான் தொடுமுன்பே என் பக்கத்துத் தோல்
எழும்பி வந்து கோலைத் தொட்டது.
இப்படி ஒரு விஷயம் இருப்பதை
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
நான் முந்தினால் இரண்டு தோலும் செத்துப்போகும்,
ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் ஒரு சத்தம்.
அவன் பிந்தினாலும் அதேதான்.
பீப்பாய்க்கு எங்கள் வழக்கு தெரியாது,
யார் பக்கம் நியாயமென்றும் கேட்காது.

டோன். டோன். டொகொ டொகொ.
ஸு.

அடிக்கவில்லை நான்.
அவனும்.
உள்ளே மரம் தனக்குள் எதையோ
முனகி முடித்தது.
அந்த இடைவெளியின் விளிம்பில்
வெண்டல் கத்தினான்.
ஹா!
கத்த வேண்டிய இடம்தான், தாளில் குறித்திருக்கிறது.
ஆனால் பதினெட்டு வருடத்தில்
அவனுக்கு இப்படியொரு தொண்டை உண்டென்று நான் கேட்டதில்லை.
அடுத்த நாலு அடியையும் விட்டுவிட்டேன்.

முடிந்ததும் பீப்பாயைக் கம்பளியில் சுற்றி
ஆளுக்கொரு முனை தூக்கி
பின்பக்கமாக நடந்து வேனில் ஏற்றினோம்.
நீ முந்தினாய், என்றான்.
நீ கத்தினாய், என்றேன்.
காற்றில் பாதி காதில் விழவில்லை.

அவன் வண்டிக்குள்ளிருந்த நாய்
இருவரில் யாருக்கென்று தெரியாமல்
ஒரு முறை குரைத்தது.