தீர்மானம் எண் ஏழு

ஜனவரி இருபத்தாறு. கொடி ஏற்றியாகிவிட்டது.
ஆரஞ்சு மிட்டாய் பாதிப் பேருக்குத்தான் வந்தது.
மேல்வயலாம்பட்டுப் பள்ளி மைதானத்தில்
அரசாங்கம் உட்கார்ந்திருந்தது,
கொஞ்சம் நாற்காலியில், மீதி தரையில்.

நான் ஊராட்சிச் செயலர்.
என் பெயர் எதற்கு, கையெழுத்து எல்லாக் கோப்பிலும் இருக்கிறது.

குறைவெண் வரம்பை நிரப்ப
நூறுநாள் வேலைப் பெண்களை வரச்சொல்லியிருந்தோம்.
மடியில் முறம், முறத்தில் பீடி இலை.
ஒருமுறை கை தூக்கினால் ஒரு பீடி குறையும்.
ஆறு தீர்மானங்களுக்கு ஆறு பீடி போயிருந்தது.

ஏழாவது:
முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி.
இடம், ஏரிக்கரை. ஒன்பது குடிசைகள் அகற்றப்படும்.

வேலூர் மே மாதத்தைப் பார்த்தவன் எவனும்
தண்ணீருக்கு எதிராக வாய் திறக்கமாட்டான்.
நானும்தான். என் வீட்டுக் குழாய்
அந்தத் தொட்டியிலிருந்துதான் தொடங்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டு கைகள்.
இரண்டுமுறை எண்ணினேன்.

கன்னியப்பனும் மற்ற குடிசைக்காரர்களும்
சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றிருந்தார்கள்.
இருளர்கள். பட்டியலில் பெயர் இல்லை,
ஏனென்றால் முகவரி இல்லை,
ஏனென்றால் பட்டா இல்லை,
ஏனென்றால் பெயர் இல்லை.
அந்த விண்ணப்பத்தை நான்கு வருடமாக நானே
குடியாத்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

"எதிர்ப்பவங்க?" என்றார் தலைவர் வேதாசலம்.
அவருக்கு அது கேள்வியே அல்ல,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கும் இடம்.

தேசம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, மொத தண்ணியே
உங்க தெருவுக்குத்தான வருது?"

"வருது. நானும் புடிப்பேன், இல்லன்னு சொல்லல.
ஆனா இது எங் கை இல்ல.
அவங்களுக்கு உன் நோட்டுல எடமில்லன்னுட்ட.
அதான் அவங்க கைய
என் தோள்ல மாட்டிகினு வந்தேன்."

சிரித்தார்கள். "ஒம்போது வூட்டுக்கும் ஒரே கையா?"
"எத்தினின்னு அவரே எழுதிக்கட்டும்.
எண்ணத் தெரிஞ்சவர்தான."

எண்ணுவது என்றால் கணக்கிடுவது,
எண்ணுவது என்றால் யோசிப்பதும்.
என்னிடம் இருந்த படிவம் முதலாவதுக்கு மட்டும்.
ஆதரவுக்கு ஒரு கட்டம், எதிர்ப்புக்கு ஒன்று.
இரவல் கைக்குக் கட்டமில்லை.

அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்திருந்தாலும்
தோற்றுத்தான் போயிருப்பார்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருபத்தாறு.
அது எனக்கும் தெரியும், தேசம்மாவுக்கும் தெரியும்.
தோற்பதற்கே பட்டியலில் பெயர் வேண்டும் என்பது
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

படிவத்தின் அடியில் முன்பே அச்சாகியிருந்தது:
ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.
எத்தனை வருடம், எத்தனை முறை,
வாசிக்காமலே அதன்கீழ் முத்திரை குத்தியிருக்கிறேன்.
தேசம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை.
இலைத்தூள் முழங்கைவரை ஒட்டியிருந்தது.

"ஏக"வை மட்டும் அடித்தேன்.

மனதாக நிறைவேற்றப்பட்டது
என்று நின்றது வாக்கியம், நொண்டிக்கொண்டு.
யார் மனதாக என்று அது சொல்லவில்லை.
வேதாசலம் கண்ணாடி இல்லாமல் கையெழுத்திட்டார்.
அடுத்து எட்டாவது, தெருவிளக்கு.

மூன்று வாரம் கழித்து
வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பியது.
சிவப்பு மையில் ஒரே வரி:
"எழுத்துப் பிழை. சரிசெய்து அனுப்பவும்."
வேறெந்தக் கேள்வியும் இல்லை.

கௌண்டன்யா பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி
அதை இன்னொருமுறை படித்தேன்.
கீழே ஆற்றில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று ஏரிக்கரையை அளந்தார்கள்.
பொறியாளருக்கு உதவிக்கு ஆளில்லை.
நாடாவின் மறுமுனையை
கன்னியப்பன் மகன் பிடித்துக்கொண்டு நின்றான்,
தொய்யாமல், சொன்ன இடத்தில்,
தன் வீட்டு வாசலுக்குள்.

வெள்ளை மை வாங்கிவிட்டேன். முப்பது ரூபாய்.
அலுவலகச் செலவில் எழுதியாகிவிட்டது.
மூடியைத் திறந்தால்
அந்த நெடி அறை முழுக்கப் பரவுகிறது.
மூடுகிறேன்.
மறுபடி திறக்கிறேன்.
திங்கட்கிழமைதான் கடைசி நாள்.