இரண்டு வீட்டு முள்ளெலி

புதன் முதல் வெள்ளி வரை ஃபீனிக்ஸில், என்னோடு.
மற்ற நாட்கள் டொங்காட்டில், அம்மாவோடு.
பல் துலக்கும் பிரஷ் இரண்டு, ஸ்கூல் ஷூ இரண்டு ஜோடி.
குடை ரிப்பேர் செய்யும் ஒரே முள்ளெலிக்குக்
குரலும் இரண்டு என்று
கண்டுபிடித்து வந்து சொன்னாள் திரோஷ்னி,
ஆறு வயது, முன்பல் இல்லை.

"அம்மா வீட்டில் பிப்வெல் பெரிசாச் சிரிக்கிறான்.
இங்கே மூக்குக்குள்ளே பேசுறான்.
அங்கே அவன் பயப்படுறதே இல்லை, அப்பா.
இங்கே பயந்துட்டு
பயப்படலைன்னு சொல்றான்."

வெருலம் சந்தையில் பத்து ரேண்டுக்கு வாங்கிய
என் டிவிடியில் லண்டன் குரல்.
அவள் அம்மா வீட்டில் இணையம் வழி வருவது
அமெரிக்காவில் பேசிச் சேர்த்தது.
அதே மழை, அதே ஒடிந்த கம்பி.
தபால்கார வாத்து மட்டும்
இங்கே தலைமையாசிரியை,
அங்கே மாடு மேய்க்கிறவன்.

அவளிடம் நான் சொல்லாதது:
உம்ஷ்லாங்காவில், ஆறாவது மாடியில்,
கடலுக்கு முதுகு காட்டிய மேசை வரிசையில்
பகலில் நான் கீத்.
லீட்ஸ் கிழவர்களின் கேஸ் பில்லுக்கு
உதட்டை அதிகம் பிரிக்காமல்
மன்னிப்புக் கேட்பவன்.
அவள் இல்லாத இரவுகளில் கைல்.
ஒஹாயோவில் யாருக்கோ வைஃபை நின்றுபோனால்
"சூப்பர், இதோ முடிச்சிடலாம்!"
பல் தெரியப் பேச வேண்டும்.
ஃபோனிலும் பல் தெரியும் என்பது மேனேஜர் சித்தாந்தம்.
குமரசென் பாதர் என்கிற பெயர்
கழுத்து அட்டையில் தொங்கும்,
கதவு திறக்க மட்டும்.

போன வியாழன் இரண்டையும் சேர்த்து ஓட்டினோம்.
டிவியில் லண்டன், டேப்லெட்டில் அமெரிக்கா,
ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு.
"எது வாய்க்குப் பொருந்துதுன்னு பாரு" என்றேன்.
பார்த்தாள். நானும் பார்த்தேன்.
எதுவும் பொருந்தவில்லை.
வரைந்தவர் யாரோ, எந்த ஊரோ,
ஆ, ஊ, பிறகு நீளமாக ஒரு ம்
என்று மட்டும் வாயை அசைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
குடை ஒடிந்த இடத்தில்
லண்டன்காரன் "ஓ" என்று நிறுத்திக்கொண்டான்.
அமெரிக்கன் அதே மௌனத்துக்குள்
ஒரு ஜோக்கைத் திணித்தான்.
இரண்டையும் நான் செய்திருக்கிறேன்,
கோர்ட்டு வராந்தாவில், யுகேந்திரியிடம்,
ஒரே பிற்பகலில்.

பதினோராவது நிமிஷம், பாலத்தடியில்,
பிப்வெல் தும்மினான்.
டிவியிலும் டேப்லெட்டிலும்
ஒரே தும்மல்.
அதே ஆள், அதே மூக்கடைப்பு.
புதிதாகத் தும்ம ஒருவருக்குக் கூலி கொடுக்க
யாருக்கும் தோன்றவில்லை போல.
பின்னால் ஓட்டினோம். மறுபடி. மறுபடி.
"ஒரே ஆள்! ஒரே ஆள்!"
சோபா ஸ்பிரிங் கதறியது.

யோசிப்பதற்குள் என் வாயிலிருந்து விழுந்தது:
"நூறு."

"என்னது?"
தும்மினா சொல்றது. நூறு வயசு இருன்னு.
"அது எந்த ஊர்க் குரல்?"

கீத்தைக் கேட்டேன், தெரியாது என்றான்.
கைல் லைனை ஹோல்டில் போட்டான்.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
படத்தைப் பின்னால் ஓட்டிவிட்டு
தும்மலுக்காகக் காத்திருந்தாள்.
"நூரூ" என்றாள், ற-வை ஆங்கிலத்தில் சுருட்டி.
டேப்லெட் அரை நொடி பிந்தித் தும்மியது.
அதற்கும் ஒரு நூறு.

ஞாயிறு இரவு யுகேந்திரியிடமிருந்து மெசேஜ்:
*என்ன சொல்லிக்கொடுத்தாய்?
பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து
நூறு நூறு என்கிறாள்.*

குரலாக அனுப்ப மைக் மேல் விரலை வைத்தேன்.
சிவப்புப் புள்ளி எரிந்தது,
ஒன்று, இரண்டு, மூன்று நொடி.
அழித்துவிட்டு எழுத்தில் அனுப்பினேன்:
*நாய் தும்மியதா?*